டார்டெலினியை க்ரீமில் மூழ்கடித்த தங்கைக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தில் டார்டெலினி, அதுதான் பூரணம் வைத்து மடிக்கும் அந்தக் குட்டி இத்தாலியப் பாஸ்தா, எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் வாய் பிளந்து பூரணமெல்லாம் வெளியே வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். அதை மறைக்கத்தான் அத்தனை க்ரீம் என்று எனக்குத் தெரியாதா?

இத்தாலியின் பொலோன்யா நகரில் நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி கிறிஸ்துமஸ் நெருங்கினால் சாப்பாட்டு மேசையை யாருக்கும் விட மாட்டார். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்து, நீளமான கட்டையால் காகிதம்போல் தேய்ப்பார். அதுவரை நிதானம், அதன்பிறகு ஓட்டம். மெல்லிய மாவு சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த ஓரம் ஒட்டாது. நீ மொத்தத்தையும் சதுரமாக வெட்டி வைத்துவிட்டு ஆற அமரப் பூரணம் வைத்திருப்பாய். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு, மிச்சத்தைத் துணியால் மூடு.

பன்றியின் முதுகுக்கறி, புரோஷுட்டோ (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கறி), மொர்டடெல்லா (பொலோன்யாவின் பெரிய பன்றிக்கறி சாசேஜ்), பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய். பூரணம் இவ்வளவுதான். இந்தச் செய்முறையை 1974 டிசம்பர் 7 அன்று பொலோன்யா வர்த்தக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள்! கறி வகை ஒவ்வொன்றும் 300 கிராம் என்றால் சீஸ் 450. வெண்ணெயில் வதக்கிய முதுகுக்கறியோடு எல்லாவற்றையும் நைசாக அரைத்து ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வை. பூரணம் ஈரமாக இருந்தால் மாவு ஊறிக் கிழியும்.

மூன்று, நான்கு சென்டிமீட்டர் சதுரம், நடுவில் கொண்டைக்கடலை அளவு பூரணம். முக்கோணமாக மடித்து, உள்ளே காற்று நிற்காமல் அழுத்து. அந்தக் காற்றுதான் சூட்டில் உப்பி வாயைப் பிளக்கிறது. அப்புறம் சுண்டுவிரலில் மோதிரம்போல் சுற்றி இரு முனையையும் கிள்ளிவிடு. எனக்கு முதல் ஐம்பதும் கோணல்தான்.

சரி, க்ரீம். பொய் சொல்லக் கூடாது, அங்கேயே சில உணவகங்களில் க்ரீமில் போட்டுத் தருகிறார்கள். ஆனால் பாட்டி வீட்டில் சூப்புதான். காயடித்த சேவலோடு மாட்டிறைச்சி, செலரி, கேரட், வெங்காயம் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவைத்து வடிகட்டியது. உனக்கு நாட்டுக்கோழி போதும். அதிலேயே டார்டெலினியைப் போட்டுச் சில நிமிடம் வேகவிடு, தளதளவென்று கொதிக்க விடாதே. அதே சூப்போடு ஆழமான கிண்ணத்தில் ஊற்றிக் கொடு. இத்தனை பாடுபட்டு அரைத்த பூரணம் அப்போதுதான் நாக்கில் தெரியும். (மாந்துவா ஊரின் டார்டெல்லி, பூசணிப் பூரணம் வைத்த பாஸ்தா, வேறு கதை, அதற்கு வெண்ணெயும் சேஜ் என்ற வாசனை இலையும்.)

ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய். படம் வேண்டாம், எத்தனை உடைந்தது என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அக்கா