கொங்கு நாட்டு கோயில் விழா கமிட்டிக்காரங்களுக்கும் கல்யாண வீட்டுக்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க. நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் நாதஸ்வரம் வாசிக்கறவன், ஈரோடு மாவட்ட அரசு இசைப்பள்ளில படிச்சவன். உங்க ஊர் கோயில் நோம்பிலயோ உங்க ஊட்டு கல்யாணத்துலயோ என்னைய பாத்திருப்பீங்க. இதைய மொதல்ல கலெக்டருக்கு மனுவா எழுதலாம்னுதான் நெனைச்சேன், அப்பறம் யோசிச்சு பாத்தா இந்த விஷயம் பாதிக்கு மேல உங்க கைலதான் இருக்குது, அதனால உங்களுக்கே எழுதறேன்.

பவானிசாகர்ல, அரச்சலூர்ல, கரூர் ராயனூர்ல, கோயமுத்தூர் பூலுவப்பட்டில எல்லாம் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கறது உங்களுக்கு தெரியும். ஊடு கட்டுனா பெயிண்ட் அடிக்க அங்கிருந்துதான் ஆள் கூப்பிடுவோம், ஏன்னா சுத்தமா செய்வாங்க. அந்த பெயிண்டருங்கள்ல சில பேரு தவில் வித்வானுங்க, மிருதங்கம் தெரிஞ்சவங்க, நல்லா பாடறவங்க. அவங்கள உங்க விழாவுக்கு நேரா கூப்பிடுங்க, நோட்டீஸ்ல பேரு போடுங்க, உள்ளூர்க்காரருக்கு குடுக்கற அதே பணத்த குடுங்க. இதுதாங்க நான் கேக்கறது.

எங்கூட வாசிக்கற தவில்காரர் ஐயா ஒருத்தர பத்தி சொல்றேன், பேரு எழுதல, முகாம்ல இருக்கறவங்க பேரு நெட்ல சுத்தறது அவங்களுக்கு தொந்தரவு. அவரு யாழ்ப்பாணம் இணுவில் பக்கம். அந்த ஊரு பேரு சொன்னாலே மேளக்காரங்க நிமிந்து உக்காருவாங்க, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1933ல பொறந்த ஊருங்க அது, நம்ம தமிழ்நாட்டு பெரிய வித்வானுங்களுக்கே இங்க வந்து தவில் வாசிச்சவரு. அந்தக் காலத்துல தஞ்சாவூர் பக்கத்து நாதஸ்வரக்காரங்க அங்கத்த கோயில் திருவிழாவுக்கு போறதும் அவங்க இங்க வர்றதும் சகஜம். நல்லூர் கந்தசாமி கோயில் திருவிழாவே இருவத்தஞ்சு நாள், அந்தப் பக்கத்து கோயில்கள்ல தனி ஆவர்த்தனம், அதாவது தவில் மட்டும் தனியா, எவ்வளவு நேரம் வாசிச்சாலும் கூட்டம் கலையாதாம். அப்படி ஒரு ஊர்ல தவில் கத்துகிட்டு கைக்கு பேரு வந்த வயசுல 1990 சண்டைல படகு ஏறி ராமேஸ்வரம் வந்து மண்டபம் முகாம்ல பதிஞ்சு அப்பறம் பஸ்ல ஏத்தி பவானிசாகர்ல எறக்கி விட்டாங்க. தவில் அங்கயே போச்சு. உசுரு தப்பி வர்ற படகுல தவிலுக்கு எடமிருக்குமாங்க.

இங்க வந்து பல வருஷம் அவரு தவில தொடவே இல்ல. குடும்பம் சாப்பிடோணும், பெயிண்ட் வேலைக்கு போனாரு. தவில்காரருக்கு கைதான் எல்லாம், ஒரு கைல விரலுக்கெல்லாம் கூடு போடோணும், துணிய பசை தடவி சுத்தி காய வெச்சு கெட்டியாக்கற கூடு, இன்னொரு கைல பூவரசங்குச்சி. இவரு கைல சுண்ணாம்பும் தின்னரும் பட்டு பட்டு விரல் நுனியெல்லாம் வெடிச்சு, கூடு மாட்டினா ரத்தம் கசியும். அதோடதான் மறுபடி ஆரம்பிச்சாரு, ராத்திரி முகாம்ல சத்தம் போடக்கூடாதுன்னு பலகைல தட்டி சாதகம் பண்ணி.

தொழில திரும்ப புடிக்கறதுன்னா பழசை ஞாபகப்படுத்தறது மட்டும் இல்லைங்க, இந்த ஊரு முறைய அடியில இருந்து கத்துக்கோணும். நம்ம கல்யாணத்துல இணைச்சீர் சடங்குக்கு எப்ப வாசிக்கோணும், மங்கல வாழ்த்து பாடறப்ப எங்க மேளம் விழோணும் எங்க நிக்கோணும், மாப்பிள்ளை அழைப்புல எந்த வேகம், மாரியம்மன் கோயில்ல கம்பத்த சுத்தி ஆடற கம்பத்தாட்டத்துக்கு என்ன அடி, இதெல்லாம் யாழ்ப்பாணத்துல கெடையாது. ஐயா அம்பது வயசுக்கு பக்கத்துல இதெல்லாம் ஓரமா நின்னு கேட்டு கத்துகிட்டாரு. எங்க மேளத்துல சின்ன பசங்க கிட்ட கூட "தம்பி, இந்த இடத்தில என்ன வாசிக்கிறனீங்கள், ஒருக்கா காட்டுங்கோ"ன்னு கேப்பாரு. இங்க பொறந்து வளந்த நம்மாளுங்கள்ல எத்தனை பேரு அப்படி கேட்டிருப்போம்.

போன பங்குனில சத்தியமங்கலம் பக்கம் ஒரு ஊர்ல சாமி பொறப்பாடு. தவில்ல ஆரம்பத்துல வாசிக்கற அலாரிப்பு முடிஞ்சு, நான் கம்பீரநாட்டை ராகத்துல சாமி பொறப்பாட்டுக்கு வாசிக்கற மல்லாரி எடுத்தேன். ஐயா மொத காலம், அதாவது மொத வேகம், ரொம்ப அமைதியா வாசிச்சாரு, ரெண்டாங்காலத்துல தோளு நிமிந்துச்சு, மூணாங்காலம் போறப்ப சப்பரம் தூக்கற பசங்க தூக்காம அப்படியே நின்னுட்டாங்க, பூசாரி தீபாராதனை தட்ட புடிச்சிட்டு திரும்பி இவரையே பாத்துட்டிருந்தாரு. எனக்கு மூச்சு பத்தல, அந்த அளவுக்கு இழுத்துட்டு போனாரு. முடிஞ்சதும் ஊர்ப்பெரியவரு ஒருத்தரு வந்து எந்த ஊருங்கன்னு கேட்டாரு, ஐயா சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள எங்க மேள செட்ட புடிச்சுக் குடுத்த ஆளு "நம்ம சத்தி ஆளுதாங்க"ன்னு சொல்லிட்டாரு. ஐயா ஒண்ணுஞ்சொல்லல, தவிலுக்கு உறை போட ஆரம்பிச்சுட்டாரு. நோட்டீஸ்லயும் "குழுவினர்"ங்கறதுக்குள்ள போயிட்டாரு. இடைல ஆள் புடிச்சுக் குடுக்கறவரு எடுத்துகிட்டது போக கைக்கு வந்தது எங்களுக்கு வந்ததுல பாதிகூட இல்ல, கேட்டா "அவங்களுக்கு கவர்மெண்டு குடுக்குதே"ங்கறாங்க.

கவர்மெண்டு என்ன குடுக்குதுன்னு சொல்லிடறேன். 2021 ஆகஸ்ட்ல 317 கோடி ரூபாய்க்கு திட்டம் அறிவிச்சாங்க, அகதி முகாம்ங்கற பேர மறுவாழ்வு முகாம்னு மாத்துனாங்க, புது ஊடு கட்டறோம்னாங்க, மாசாமாசம் குடும்பத் தலைவருக்கு 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, பன்னெண்டு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு 500ன்னு ஏத்துனாங்க. நல்ல காரியம், மனசார சொல்றேன். ஆனா 1,500 ரூபாய்ல தவிலுக்கு தோல் மாத்தி பாருங்க தெரியும்.

முகாம்ல இருந்து வர்ற கலைஞனுக்கு தேதிதான் பெரிய பிரச்சனை. முகூர்த்தம் விடியக்காலைல அஞ்சு மணின்னா மேளக்காரங்க மொத நாள் பொழுதோடயே மண்டபத்துல இருக்கோணும். இவரு ராத்திரி வெளிய தங்கோணும்னா முகாம்ல சொல்லி அனுமதி வாங்கோணும், ஆள் கணக்கு எடுக்கற நாளுன்னா நேர்ல இருந்தே ஆகோணும். நாம என்ன பண்றோம், ரெண்டு நாளைக்கு முன்னாடி போன் போட்டு வாங்கன்னு சொல்றோம், அவரு தயங்குனா "இவரு நம்பகமில்ல"ன்னு அடுத்த ஆளுக்கு போயிடறோம். இப்படியே நல்ல நல்ல ஆர்டரெல்லாம் கை நழுவி போயிருக்குது.

இன்னொண்ணு பாருங்க. இவரு கூட கத்துகிட்டவங்க சில பேரு அன்னைக்கே கனடா, சுவிஸ், ஜெர்மனின்னு போயிட்டாங்க, அங்க குடியுரிமை வாங்கி, ஜெர்மனில ஹாம் காமாட்சி அம்மன் கோயில் மாதிரி பெரிய பெரிய கோயில்லாம் கட்டி திருவிழா நடத்தறாங்க, மேளத்துக்கு இந்தியால இருந்தும் யாழ்ப்பாணத்துல இருந்தும் ஆள் கூப்பிடறாங்க. இவரையும் கூப்பிட்டாங்க. பாஸ்போர்ட் இல்ல. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்து போடல, பக்கத்து நாடுகள் சிலதுல இருந்து வந்தவங்களுக்கு குடியுரிமை குடுக்கற 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை வரல. இவரு மகன் இங்கயே, நம்ம சத்தி ஆஸ்பத்திரிலயே பொறந்தவன், தவில் அப்பனாட்டமே வாசிப்பான், ஆனா 1987 ஜூலைக்கு அப்பறம் பொறந்தவங்களுக்கு அப்பா அம்மாள்ல ஒருத்தராவது இந்தியக் குடிமக்களா இருந்தாத்தான் பிறப்பால குடியுரிமை. பையன் இப்ப பெயிண்ட் வேலைக்குத்தான் போறான். அவன் கையும் வெடிக்க ஆரம்பிச்சிருச்சு, அதப் பாத்துட்டுதான் இத எழுத உக்காந்தேன்.

சட்டத்த மாத்தறது டெல்லி வேலை, அதுக்கு கேக்கறவங்க கேட்டுட்டு இருக்காங்க. உங்களால ஆகறத சொல்றேன். தேதி குறிச்ச அன்னைக்கே சொல்லுங்க, கொறைஞ்சது பத்து பாஞ்சு நாள் முன்னாடி. கமிட்டி லெட்டர் பேடுல "இன்ன தேதி இன்ன கோயில் விழாவுக்கு தவில் வாசிக்க வர்றாரு"ன்னு எழுதி சீல் வெச்சு குடுங்க, கல்யாணமா இருந்தா பத்திரிகைய குடுங்க, முகாம்ல காட்டி அனுமதி கேக்க அது ரொம்ப உதவும். அட்வான்ஸ் அவரு கைலயே குடுங்க. நோட்டீஸ்ல பேரையும் "இணுவில்"னு ஊரையும் சேத்து போடுங்க, அவரு கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. முகாம்ல பாடற பொண்ணுங்க இருக்காங்க, கீபோர்டு வாசிக்கற பசங்க இருக்காங்க, இன்னிசைக் கச்சேரி வெக்கறவங்க அவங்களையும் ஒருக்கா கேட்டுப் பாருங்க.

தை, மாசி, பங்குனி நோம்பிக்கெல்லாம் மார்கழிலயே நோட்டீஸ் ப்ரெஸ்ஸுக்கு போயிடும். அதுக்கு முன்னாடி உங்க ஊர்ல வாசிக்கற மேளக்காரர கேளுங்க, முகாம்ல யாரு இருக்காங்கன்னு எங்களுக்கு தெரியும், நாங்க கூட்டிட்டு வந்து அறிமுகப்படுத்தறோம்.