மார்பகப் பரிசோதனை வண்டி எங்கள் ஜீப் நேரத்துக்கு வரட்டும்

தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களுக்கும் இரு மாவட்டச் சுகாதாரத் துறையினருக்கும் வணக்கம்.

கம்பம் பக்கம் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காப்பீட்டுக்கு விண்ணப்பம் போடுவது, ஆதார் திருத்தம், லேமினேஷன் எல்லாம் உண்டு. அதனால் ஊரில் யார் வீட்டில் என்ன நோய் என்று நான் கேட்காமலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டை யாரும் சும்மா ஜெராக்ஸ் எடுக்க வருவதில்லை.

போன ஏலக்காய் சீசனில் ஓர் அக்கா வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் நாலாக மடித்த ரிப்போர்ட். மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தேன். காசு கொடுத்த பிறகும் போகவில்லை. கடையில் நின்ற பையன் போகும்வரை காத்திருந்துவிட்டு, "இதுல நாலுன்னு போட்டிருக்காம். நாலுன்னா கடைசிதான தாயி?" என்று கேட்டார். தாளின் அடியில் 'பைராட்ஸ் 4' என்று இருந்தது. மகன் அதைப் படித்துவிட்டு நான்காம் நிலை என்று சொல்லியிருக்கிறான். பதினொரு நாள் அந்தத் தாளை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாராம். கடைசி என்றால் எதற்கு அலையணும், செலவு பண்ணணும் என்ற கணக்கு.

பைராட்ஸ் என்பது நோயின் நிலை இல்லை. மார்பக எக்ஸ்ரே படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று டாக்டர்கள் போடும் எண். 0 முதல் 6 வரை போகும். 4 என்றால் சந்தேகம் இருக்கிறது, ஊசியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும் என்று அர்த்தம். பார்த்த பிறகு புற்றுநோய் இல்லை என்று வருவதும் நிறைய. இதைவிடக் குழப்பம் 0. படம் போதவில்லை, இன்னொரு சோதனை வேண்டும் என்பதற்குத்தான் 0 போடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் '0' வந்ததும் ஒன்றுமில்லை என்று நினைத்து மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டார். தாளைக் கையில் கொடுத்தவர் ஒரு நிமிஷம் பேசியிருந்தால் போதும், இரண்டுமே நடந்திருக்காது.

அந்தத் தாள்கள் எங்கள் ஊருக்கு வந்த ஒரு பரிசோதனை வண்டியில் கொடுத்தவை. யார் அனுப்பிய வண்டி என்று சொல்லப் போவதில்லை. நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டது. அன்றைக்கு ஊரில் இருந்த பெண்கள் யார்? வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்கள். மற்ற எல்லோரும் மலையில்.

எங்கள் ஊரின் கடிகாரம் ஜீப்தான். காலை ஐந்தரைக்குள் தூக்குவாளியும் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படுதாவுமாகப் பெண்கள் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று வழியாகவும் ஏறி, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலக்காடுகளில் இறங்குவார்கள். திரும்பி வரும்போது சாயங்காலம் ஆறரை ஆகிவிடும். அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவி, குளித்து, உலை வைக்கிற நேரத்தில் எந்த முகாமும் நடப்பதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதற்காகத்தான் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரும் பகலில் வீடு தேடி வருகிறார்கள், வீடு பூட்டியிருக்கிறது. கேரளத்தில் ஆஷா பணியாளர் தோட்டத்து லயங்களுக்குப் போய்க் கணக்கெடுக்கிறார். லயத்தில் குடியிருப்பவர்கள்தான் அந்தக் கணக்கில் வருவார்கள், காலையில் வந்து சாயங்காலம் போகிறவர்கள் வருவதில்லை. ஏலக்காய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. கேரளத்துப் புத்தடியிலும் அதை ஏலம் விடுகிறார்கள், தமிழ்நாட்டுப் போடியிலும் ஏலம் விடுகிறார்கள். எந்த மலையில் விளைந்தாலும் கிலோவுக்குக் கணக்கு உண்டு. பறிக்கிற பெண் இரண்டு பக்க நோட்டிலும் இல்லை.

என் சித்தியும் அப்படித்தான் கணக்கில் விட்டுப்போனார். இருபது வருஷமாக மலைக்குப் போனவர். ஐப்பசியில் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. எங்களிடம் சொன்னது பங்குனியில். ஏன் சொல்லவில்லை என்று நான் சத்தம் போட்டேன். "வலிக்கலடி" என்றார். காய்ச் சாக்கு இடித்திருக்கும் என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறார். அப்புறம், காய் எடுப்பு நேரத்தில் லீவு போட்டால் அடுத்த நாள் ஜீப்பில் அவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும்.

வலிக்கவில்லை என்ற இந்த ஒரு வார்த்தையை எத்தனை பெண்களிடம் கேட்டிருப்பேன்! மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தரவில்லை. காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாவது, அக்குளில் நெறி கட்டுவது, இவையெல்லாம் பார்க்க வேண்டிய அடையாளங்கள். ஜீப் நிறுத்தத்தில் ஒரு படம் ஒட்டினால்கூடப் போதும்.

படம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2025 பிப்ரவரி 4 அன்று கேரள அரசு புற்றுநோய்க்கு எதிராக ஒரு பிரசாரம் தொடங்கியது. மலையாளத்தில் புற்றுநோய்க்கு 'அர்புதம்' என்று பெயர். குமுளியில் மைக்கில் அதைக் கேட்ட எங்கள் பெண்கள் ஏதோ அற்புதப் பெருவிழா, ஜெபக்கூட்டம் என்று நினைத்துப் பேசாமல் வந்துவிட்டார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இடுக்கிக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்: தோட்டத்தில் ஒட்டும் நோட்டீஸ் தமிழிலும் இருக்கட்டும்.

நிலைமை உங்களுக்குத் தெரியாததில்லை. இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்ததாகவும், 98 ஆயிரம் பேர் அதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டிக்கு முன்னால் கை வரணும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்தார்கள். டாக்டர்கள் இல்லை, மிஷினும் இல்லை. சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் பங்கெடுத்த அந்த ஆய்வின் இருபது வருஷ முடிவு 2021-ல் வெளியானது. நோய் முற்றுவதற்கு முன்பே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்தது. இளையவர்களில் அந்த அளவு குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 30 முதல் 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிப் பார்க்கணும் என்று மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் எக்ஸ்ரே படத்தில் கட்டி மறைந்துவிடலாம், அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட்தான் உதவும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே எல்லோரையும் வண்டி வாசலில் வரிசையில் நிறுத்தணும் என்றில்லை. கையால் பார்த்துச் சந்தேகம் வந்தவர்கள், வயது கூடியவர்கள், குடும்பத்தில் இந்த நோய் இருந்தவர்கள் என்று பிரித்து அனுப்பினால் வண்டிக்கும் வேலை குறையும்.

அந்தக் கை எங்கே வரணும்? தோட்டத்துக்கே வரட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்கள் ஸ்டோர் பக்கம் கூடுவார்கள். ஒரு நர்ஸம்மா, ஒரு மறைப்பு, ஒரு பெஞ்சு போதும். அந்த அரை மணிக்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று தோட்ட முதலாளிகளிடம் பேச வேண்டியது இடுக்கி ஆட்சியர். நாங்கள் பேசினால் ஜீப்பில் இடம் போய்விடும்.

வண்டி மலை ஏறவே வேண்டாம். போடிமெட்டுப் பாதையில் மட்டும் பதினேழு கொண்டை ஊசி வளைவு; மிஷின் குலுங்கிப்போகும். கீழே கம்பத்திலும் போடியிலும் நிற்கட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில். பங்குனி, சித்திரையில் வந்தால் இன்னும் நல்லது. அப்போது காய் எடுப்பு இல்லை, வேலையும் குறைச்சல். உள்ளே படம் எடுப்பவர் பெண்ணாக இருக்கணும். இதில் பேரம் கிடையாது. தட்டுக்கு நடுவே மார்பை அழுத்தும்போது சில நொடி வலிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால், வெளியே வருபவர் வரிசையில் நிற்கும் பத்துப் பேரைக் கலைத்துவிடுவார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டி இரண்டாம் தடவையும் வரணும். 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று எழுதிக் கொடுப்பதோடு முடிந்தால், அந்தத் தாள் அரிசிப் பானைக்கு அடியில்தான் போகும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் கானாவிலக்கு, கம்பத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். போக வரச் செலவு, கூட வரும் ஆளுக்கும் கூலி நஷ்டம், எந்த வார்டு எந்த ஜன்னல் என்று தெரியாத பயம். சந்தேகம் என்று வந்த ஒவ்வொருவருக்கும், ஊசிச் சோதனையின் முடிவு வரும்வரை கூட நிற்க ஒரு பெண் பணியாளரை நியமியுங்கள். அவர் வைத்திருக்கும் நோட்டு இரண்டு மாவட்டத்திலும் செல்லட்டும். வண்டன்மேட்டில் தொட்டுப் பார்த்து எழுதிய சீட்டை கானாவிலக்கில் "இது கேரளாச் சீட்டு" என்று திருப்பக் கூடாது, அவ்வளவுதான். போன் நம்பர் கேட்கும்போது பெண்ணின் நம்பரைக் கேளுங்கள். புருஷன் நம்பரைக் கொடுத்தவர்களில் இரண்டு பேருக்கு முடிவு வந்த விஷயமே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சித்திக்கு ஆபரேஷன் ஆகி, கீமோவும் முடிந்துவிட்டது. முடி திரும்ப முளைத்திருக்கிறது, சுருட்டையாக. மலைக்குப் போவதில்லை, என் கடையில் உட்கார்ந்து ஸ்டேப்ளர் அடிக்கிறார். நாலு போட்டிருந்த அந்த அக்காவை கானாவிலக்குக்கு பஸ்ஸில் கூட்டிப் போனதும் அவர்தான்.

வண்டி வரும் தேதி முடிவானதும் முதல் நாள் சாயங்காலம் ஆறரைக்கு முன்னால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஜீப் நிறுத்தத்தில் போர்டு எழுதி வைப்பது என் பொறுப்பு. ரிப்போர்ட் ஜெராக்ஸுக்கு அன்றைக்குக் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரி,
கம்பம் பள்ளத்தாக்கு.