புடவை பரணில் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். தீபாவளிக்கு வந்து போன பிறகு உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

11ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதைச் செய்தியில் பார்த்திருப்பாய். வடிகாலெல்லாம் மேடிட்டுக் கிடக்கிறது, கடலும் தண்ணீரை உள்வாங்கவில்லை. பத்து நாள் நின்றது. நேற்று மேலவயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடித்தேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. வேர் கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. சம்பா அவ்வளவுதான். ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். நீ பணம் அனுப்பாதே.

மருமகளுக்கு எடுத்த புடவையை அம்மா பரணில் வைத்திருந்தாள், ஈரம் படவில்லை. தீபாவளிக்குத்தான் வர முடியவில்லை, லீவு கிடைக்கும்போது வந்து வாங்கிக்கொள்ளட்டும். அவளுக்கும் வேலை அதிகமோ என்னவோ. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பயிரைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் என் மகன் இன்ஜினியர் என்று சொன்னேன். இந்தத் தெருவில் முதல் பட்டதாரி நீதான். ஆனால் ஒரு போன் பண்ண எவ்வளவு நேரமாகும் தம்பி?

ஆகஸ்டில் அம்மா கை முறிந்தது படியில் வழுக்கி என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடி வருகிறது, கிளம்புங்கள் என்று மத்தியானமே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாதல்படுகை, முதலைமேடு சனமெல்லாம் முகாமுக்குப் போயாயிற்று. 2018லேயே கொள்ளிடம் நம் வாசலோடு நின்றதே என்ற தைரியத்தில் நான் விதை நெல்லைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். வாயை மூடு என்று அதட்டினேன். இருட்டின பிறகு இடுப்பளவு தண்ணீரில் அவளை இழுத்துக்கொண்டு போனேன். வேலிக் கல் தடுக்கி விழுந்தாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடமும் சத்தியம் வாங்கினேன். அந்த விதையைத்தான் மேலவயலில் விட்டேன்.

முப்பது வருஷமாக அவள் பேச்சை நான் காதில் வாங்கியதில்லை. நீ அப்படி இருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

போன் என் தலைமாட்டில்தான் இருக்கிறது. எந்நேரமானாலும் கூப்பிடு. அவளையும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்.

அப்பா