சாவி கொடுத்த அன்றே அட்வான்ஸ்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்னையில் வாடகை ஏறுவதைப் பற்றித் தங்கள் இதழில் அடிக்கடி படிக்கிறேன். வாடகையாவது மாதாமாதம் கண்ணுக்குத் தெரிந்து போகிறது. வீடு மாறும்போது சத்தமில்லாமல் கரைகிற அட்வான்ஸைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

நங்கநல்லூரில் ஆறு ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் கடந்த ஏப்ரலில் காலி செய்தோம். வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டு, கடைசி மாத வாடகை, மின் கட்டணம் எல்லாம் பாக்கியில்லாமல் கட்டித்தான் சாவியைக் கொடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்: பெயின்ட் அடிக்க 22,000, சமையலறைக் குழாயும் தாழ்ப்பாளும் மாற்ற 4,500. பில் கேட்டேன். "இத்தனை வருடம் பழகிவிட்டு என்னிடமே பில் கேட்கிறீர்களே" என்று வருத்தப்பட்டார். மீதி 73,500 ரூபாயை, அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருவாராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பணம் அவரிடம் இல்லவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவருக்கு அது அன்றைக்கே போயிருக்கும். எனக்கு வர வேண்டியதை, இன்னும் யாரென்றே தெரியாத ஒருவர் கொண்டுவர வேண்டும். ஏலச்சீட்டில்கூடத் தேதி உண்டு. புது வீட்டுக்காரரோ அட்வான்ஸை எண்ணி வாங்கிய பிறகுதான் கதவைத் திறந்தார். அந்தப் பணத்துக்காக மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. மூன்று மாதம் நடந்ததில் 40,000 வந்திருக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. ஊரே பத்து மாதம் வாங்கியது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தாலன்றி' என்று அதற்கு முன்னால் ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டார்கள். வேறுவிதமாக எழுதாத ஒப்பந்தத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதைக்கூட அதன் அட்டவணை வீட்டுக்காரரின் பொறுப்புகளில்தான் சேர்த்திருக்கிறது. இதையெல்லாம் கேட்க வாடகை அதிகார அமைப்பு உண்டு. ஒப்பந்தத்தை அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு என்றாலே வரி நினைவுக்கு வந்து, என் வீட்டுக்காரர் முத்திரைத்தாளோடு நிறுத்திக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் வீடு கிடைத்திருக்காது.

எல்லா வீட்டுக்காரர்களையும் சொல்லவில்லை. மேற்கு மாம்பலத்தில் முன்பு எங்களுக்கு வீடு கொடுத்த அம்மாள், குடிபோன அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாக வந்தார். மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, சுவரில் ஏற்கெனவே இருந்த ஆணி எத்தனை என்று எழுதி என் கையெழுத்தையும் வாங்கினார். எனக்கு அன்று கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்துக் காலி செய்தபோது அதே நோட்டு வந்தது. உடைந்த ஒரு சுவிட்சுக்கு நாற்பது ரூபாய் கழித்துக்கொண்டு, மீதியைச் சாவி வாங்கிய கையோடு கொடுத்தார்.

கடைசி நான்கு மாதம் வாடகை தராமல் 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று நழுவுகிற குடித்தனக்காரர்களும் இருக்கிறார்கள்தான். பணம் திரும்பாது என்ற பயத்தில் அப்படிச் செய்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம். நானும் அப்படியே செய்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்கிறது. வீட்டைத் திரும்ப ஒப்படைக்கும் அன்றே பணத்தைத் தந்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழக அரசு அந்த ஒரு பிரிவையாவது எடுத்துக்கொண்டு, 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக' என்ற வாசகத்தை நீக்க வேண்டும். மாம்பலத்து அம்மாளின் நோட்டைப் போன்ற ஒரு பட்டியலை, இருவர் கையெழுத்தோடு, ஒப்பந்தத்தில் கட்டாயமாக்கவும் வேண்டும்.

என் பெயரை வெளியிட வேண்டாம். இன்னும் 33,500 ரூபாய் வர வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை