கரும்புக்காடு போனால் கிராமமும் போகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மொரீசியஸில் புதுநகரங்கள் கட்ட 2015-இல் வந்த ஸ்மார்ட் சிட்டி திட்டம் குறைந்தது 50 ஆர்பாங் (ஓர் ஆர்பாங் ஏறத்தாழ ஓர் ஏக்கர்) நிலம் கேட்டது. அவ்வளவு நிலம் ஒரே இடத்தில் யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் சர்க்கரைத் தோட்டக்காரர்களிடம்தான். அதனால் கரும்புக்காட்டில் மதில் சுற்றிய வில்லாக்கள் முளைக்கின்றன. பக்கத்துக் கிராமத்தில் நிலத்தின் விலை ஏறிவிட, எங்கள் பிள்ளைகள் சொந்த ஊரில் ஒரு மனைகூட வாங்க முடியாது.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நிலப் பயன்பாட்டு வரைபடம் இருக்கிறது, அதில் ஊரின் குடியிருப்பு எல்லைக் கோடும் உண்டு. சரி, அந்தக் கோட்டைத் தாண்டிக் கட்ட அனுமதி தருவதற்கு முன்னால் ஊராரைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன? தைப்பூசக் காவடி போகும் பாதை, கோவில் குளம், மழைநீர் வடியும் ஓடை ஆகிய மூன்றையாவது வரைபடத்தில் குறித்துக் காக்கலாமே! ஓடையை மறிப்பது விளையாட்டல்ல. 2013 மார்ச் 30-ஆம் தேதி தலைநகர் போர்ட் லூயிஸில் வந்த வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள்.

வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குள்ளேயே எத்தனையோ மனைகள் காலியாகக் கிடக்கின்றன. முதலில் அங்கே கட்டட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாம்ப்ளமூஸ்