போப் ஐயரின் ஆக்ஸ்போர்டு: ஓர் அட்டைப்படத்தை முன்வைத்து

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். ஜி. யூ. போப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக நீங்கள் எழுதிவரும் நூலின் கைப்படியும், அட்டைக்கெனத் தேர்ந்தெடுத்திருக்கும் படமும் கிடைத்தன. எழுத்தைப் பற்றிய என் கருத்துகளைத் தனியே அனுப்புகிறேன். படத்தைப் பற்றி மட்டும் உங்கள் இசைவோடு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஆக்ஸ்போர்டு பற்றியோ அங்கே வாழ்ந்த அறிஞர்கள் பற்றியோ தமிழில் நூலும் கட்டுரையும் வெளியிடுகிற பலருக்கும் இதே ஐயம் வரக்கூடும்.

அந்தப் படத்தை அட்டையில் போட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அது அழகான படம்; ஆக்ஸ்போர்டிலுள்ள பேலியல் கல்லூரியின் படம்தான் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் போப் அறிந்த பேலியல் கல்லூரி அதில் இல்லை.

நீங்கள் அனுப்பியிருப்பது டேவிட் லாகன் செப்புத் தகட்டில் செதுக்கிய படம். லாகன் 1634இல் பால்டிக் கடற்கரை நகரமான டான்ஸிக்கில் பிறந்தவர்; 1669இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவரைத் தன் செதுக்கோவியராக அமர்த்தியது. கல்லூரிகள் ஒவ்வொன்றையும் வரைந்து 1675இல் ‘ஆக்ஸோனியா இல்லஸ்ட்ராடா’ என்ற தொகுதியாக அவர் வெளியிட்டார். பின்னர் கேம்பிரிட்ஜுக்கும் அதேபோல ஒரு தொகுதியை 1690இல் கொண்டுவந்தார். போப் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கத் தொடங்கியது 1884இல். இடையில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்துவிட்டன. ஆக்ஸ்போர்டு மாறாத ஊர் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டதால், பழைய படம் எதுவாயினும் பொருந்தும் என்று தோன்றுவது இயல்பே. பேலியலைப் பொறுத்தவரை அந்த எண்ணம் அடியோடு தவறு.

படத்தின் நடுவிலுள்ள முன்முற்றத்தை எடுத்துக்கொண்டு, அதன் நான்கு பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேற்கில் இருப்பது பதினைந்தாம் நூற்றாண்டுக் கூடம். வடக்கில் அதே நூற்றாண்டைச் சேர்ந்த நூலகம். இவ்விரண்டும், பிற்கால மாற்றங்களோடு, போப்பின் காலத்திலும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. நூலகத்தை அடுத்து லாகன் காட்டும் சிற்றாலயம் இடிக்கப்பட்டு, 1857இல் வில்லியம் பட்டர்ஃபீல்டு என்ற கட்டடக் கலைஞர் சிவப்புக் கல்லும் வெளிர் கல்லும் வரிவரியாக மாறிமாறி வரும் புதிய ஆலயத்தைக் கட்டினார். தெற்கிலும் கிழக்கிலும் இருந்த பழைய கட்டடங்கள், பிராட் தெருவை நோக்கிய நுழைவாயில் உட்பட, 1867-68இல் தரைமட்டமாக்கப்பட்டன. அங்கே ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் கட்டிய உயர்ந்த முகப்புதான் இன்று நாம் காண்பது. அதே வாட்டர்ஹவுஸ் 1877இல் பின்புறத் தோட்டப் பகுதியில் புதிய உணவுக்கூடத்தையும் கட்டி முடித்தார். போப் பேலியலின் வாசலில் முதன்முதலாக நுழைந்தபோது அந்த வாசலுக்கு வயது இருபதுகூட ஆகியிருக்கவில்லை. லாகன் வரைந்த வாயிலை அவர் கண்டதே இல்லை.

இதில் நான் இத்தனை பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டோடு போப் பேலியல் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது திருவாசக மொழிபெயர்ப்புப் பற்றிப் பேச்சு எழுந்ததையும், வயதாகிவிட்டதே என்று போப் தயங்கியபோது, பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழ வழி என்று ஜோவெட் ஊக்கியதையும் போப்பே தம் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். ஜோவெட் 1893இல் மறைந்தார். மொழிபெயர்ப்பு 1900இல், போப்பின் எண்பதாம் வயதில் வெளிவந்தது. உங்கள் நூலின் உயிரான இடம் அந்த முற்றத்துக் காட்சிதான். அதைப் படிக்கும் மாணவர் அட்டையைத் திருப்பி, ‘இந்த முற்றத்தில்தான் நடந்தார்களா?’ என்று பார்ப்பார். அவருக்கு நாம் சரியான முற்றத்தைக் காட்ட வேண்டாமா?

லாகனைக் குறைத்துச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவர் படங்களில் எனக்குள்ள மதிப்பு மிகப் பெரியது. பெரும்பாலான படங்களில் கட்டடத்தைப் பறவையின் பார்வையில் காட்டுகிறார். அந்த உயரத்தில் நின்று பார்க்க அன்று யாருக்கும் வழியில்லை. தரையிலிருந்து பார்த்ததையும் அளந்ததையும் கொண்டு, கூரைகளையும் புகைபோக்கிகளையும் உள்முற்றங்களையும் மதிலுக்குப் பின்னால் மறைந்த தோட்டங்களையும் ஒரே தாளில் அவர் கட்டி எழுப்பினார். நியூ காலேஜ் படத்தில் தோட்டத்துப் பாத்திகள் சின்னங்களின் வடிவிலும் சூரியக் கடிகார வடிவிலும் வெட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அவற்றுக்குப் பின்னே எழுப்பப்பட்ட மண்மேடு இன்றும் இருக்கிறது, பாத்திகள் போய்விட்டன. குயின்ஸ் கல்லூரியின் கதை இன்னும் முக்கியமானது. அதன் இடைக்காலக் கட்டடங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் முற்றிலுமாக இடிக்கப்பட்டுப் புதிய கல்லூரியே எழுந்தது. பழைய குயின்ஸ் எப்படி இருந்தது என்று இன்று அறிய விரும்புவோர் முதலில் நாடுவது லாகனைத்தான்.

ஆனால் அவர் படங்கள் கல்லூரிகளின் பெருமைக்காக உருவானவை. சின்னங்களும் லத்தீன் வாசகங்களும் அவற்றில் இடம்பெறுவது அதனால்தான். எந்தச் சுவரிலும் காரை பெயர்ந்திருக்காது. எந்தக் கல்லும் அரிக்கப்பட்டிருக்காது. அங்கி அணிந்தவர்கள் முற்றத்தில் எறும்பளவில் நடமாடுவார்கள். தன்னைப் பிறர் எப்படிக் காண வேண்டும் என்று 1675இல் பல்கலைக்கழகம் விரும்பியதோ, அந்தத் தோற்றம் அது. இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் படத்திலுள்ள வண்ணம் லாகனுடையதாக இருக்க வாய்ப்பில்லை. இவை கறுப்பு மையில் அச்சானவை. தொகுதியிலிருந்து தாள்களைப் பிரித்து விற்கத் தொடங்கிய பிற்காலத்தில்தான் பெரும்பாலும் கையால் வண்ணம் ஏற்றினார்கள்.

1814இல் ருடால்ஃப் ஆக்கர்மன் வெளியிட்ட வண்ணப் படங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவையும் பேலியல் இடிக்கப்படுவதற்கு முந்தியவையே. இந்த நூலுக்கு உதவா.

நிழற்படத்துக்கு வருவோம். நிழற்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844இல் வெளியிடத் தொடங்கிய தம் நிழற்படத் தொகுதியின் முதல் படமாகவே ஆக்ஸ்போர்டின் குயின்ஸ் கல்லூரியை வைத்தார். அந்தப் படத்துக்கு அவர் எழுதிய குறிப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். கட்டடத்தின் அழகைப் புகழ்வதற்கு முன்பாகவே, காலமும் மழையும் வெயிலும் கல்லைத் தின்றிருப்பதையும், கல்லே தொடக்கத்திலிருந்து தரமற்றதாக இருந்திருக்கலாம் என்பதையும் அவர் சுட்டுகிறார். அப்போது அந்தக் கட்டடத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள்தான். ஊருக்கு அருகிலிருந்த ஹெடிங்டன் குவாரியின் மென்கல், நிலக்கரிப் புகை படிந்து கறுத்து, கொப்புளம் கண்டு, தகடு தகடாக உரிந்துவந்தது. செதுக்கோவியர் எவரும் காட்டாத இந்தச் சிதைவை நிழற்படம் காட்டிவிட்டது. அதே தொகுதியில் குயின்ஸ் கல்லூரி வாயிலைக் காட்டும் மற்றொரு படத்துக்கு எழுதும்போது டால்பட் இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்கிறார்: படம் எடுத்தவர் எடுக்கும்போது கவனிக்காத பலவும் படத்தில் பதிந்திருக்கும், சுவரில் ஒட்டிய விளம்பரத் தாளும், தொலைவிலுள்ள கடிகாரத்தின் முகமும், அது காட்டும் நேரமும் பின்னாளில் பார்ப்பவருக்குப் புலப்படும்.

பழைய படங்களைப் பார்க்க இதைவிடச் சிறந்த வழிகாட்டல் எனக்குத் தெரியாது. இதைக் கைக்கொண்டால், படக்குறிப்பில் ஆண்டே இல்லாவிட்டாலும் காலத்தை ஓரளவு கணித்துவிடலாம். பேலியல் இருக்கும் பிராட் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக விழாக்கள் நடக்கும் ஷெல்டோனியன் அரங்கின் கூரைமேல் உள்ள மாடக் கோபுரம் சிறியதாக இருந்தால் படம் 1838க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் அரங்கை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் அமைத்ததை அகற்றிவிட்டுப் பெரியதை வைத்தார்கள். அரங்கின் முன்னால் தூண்கள்மேல் வரிசையாக நிற்கும் தாடிவைத்த கல்தலைகள் மும்முறை செதுக்கப்பட்டவை: முதல் வரிசை 1669ஆம் ஆண்டினது, இரண்டாவது 1868இல் வந்தது, இன்றிருப்பது 1972இல் நிறுவப்பட்டது. ஆகவே போப் கடந்து சென்றது இரண்டாம் வரிசையை. தெருவின் கிழக்குக் கோடியில், உச்சியில் யானை வடிவக் காற்றுகாட்டியோடு நிற்கும் இந்தியன் இன்ஸ்டிடியூட்டுக்கு 1883இல்தான் அடிக்கல் நாட்டினார்கள்; அது படத்தில் தெரிந்தால் நீங்கள் போப்பின் காலத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். ஹை தெருவில் குதிரை இழுக்கும் டிராம் தெரிந்தாலும் நல்லதே. 1881 முதல் 1914 வரை அது ஓடியது.

இதையொட்டி ஓர் எச்சரிக்கையும் உண்டு. உங்கள் நூலின் மூன்றாம் இயலுக்கு, இரு கட்டடங்களை இணைத்துத் தெருவின் குறுக்கே வளைந்து செல்லும் பாலத்தின் படத்தை வைத்திருக்கிறீர்கள். ஆக்ஸ்போர்டு என்றாலே எல்லோரும் எடுத்துப் போடும் படம் அது. ஹெர்ட்ஃபோர்டு கல்லூரியின் அந்தப் பாலம் 1914இல் கட்டி முடிக்கப்பட்டது. போப் 1908இல் காலமானார். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

இன்றைய வண்ண நிழற்படங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் தேன் நிறத்தில் ஒளிரும் சுவர்களைக் கண்டு இதுதான் தொன்மையான ஆக்ஸ்போர்டு என்று மயங்குகிறோம். இருபதாம் நூற்றாண்டில், குறிப்பாக 1957இல் பழங்கட்டடங்களுக்கான நிதி திரட்டப்பட்ட பிறகு, உரிந்துபோன ஹெடிங்டன் கல்லை அகற்றிவிட்டு கிளிப்ஷம் போன்ற உறுதியான கற்களைப் பதித்ததாலும், புகைக்கரியைக் கழுவி நீக்கியதாலும் கிடைத்த பொலிவு அது. போப் நடந்த தெருக்களில் பல சுவர்கள் கறுத்து, செதில் செதிலாய் உதிர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கறுத்த சுவரை மாணவர்களுக்குக் காட்டத் தயங்க வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை ஹென்றி டான்ட். 1842இல் பிறந்து 1922இல் மறைந்த ஆக்ஸ்போர்டுக்காரர். தேம்ஸ் ஆற்றையும் தம் ஊரையும் வாழ்நாள் முழுவதும் படமெடுத்தவர். 1874 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய கடை பிராட் தெருவிலேயே, பேலியல் இருக்கும் அதே தெருவில் இருந்தது. போப்பும் அவரும் ஒரே தெருவைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர் எடுத்த படங்கள் ஆக்ஸ்போர்டுஷயர் வரலாற்று மையத்திலும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. வாட்டர்ஹவுஸின் முகப்போ, அதற்குள்ளிருக்கும் முன்முற்றமோ தெரிகிற, 1884க்கும் 1908க்கும் இடைப்பட்ட ஒரு படத்தைக் காப்பகத்துக்கு எழுதி முறைப்படி அனுமதி வாங்கிப் பயன்படுத்துங்கள். இணையத்தில் கிடைக்கும் தெளிவற்ற நகலை எடுக்காதீர்கள்; நல்ல நகலில்தான் டால்பட் சொன்ன கடிகார முகம் தெரியும்.

ஜோவெட்டின் உருவப்படம் வேண்டுமென்றால், ஜூலியா மார்கரெட் கேமரன் 1860களில் எடுத்த நிழற்படம் இருக்கிறது. கல்கத்தாவில் பிறந்த அந்த அம்மையார் பிற்காலத்தில் இலங்கை மலையகத்துக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமானவர். நம் வாசகர்களுக்கு இது ஒரு வரியிலாவது சொல்லத்தக்க செய்தி. அதோடு, ஜோவெட்டின் ஆதரவைப் பெற்று 1889இல் சாமர்வில் என்ற பெண்கள் கல்விக்கூடத்துக்கு வந்து சட்டம் பயின்ற இந்தியப் பெண்மணி கொர்னேலியா சொராப்ஜியின் படத்தையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் கைப்படியில் இப்போதுள்ள படங்களை மட்டும் பார்க்கிற ஒரு மாணவி, அந்த ஆக்ஸ்போர்டில் பெண்களே இல்லை என்று முடிவுகட்டிவிடுவாள். பெண்களுக்கான முதல் இரண்டு கல்விக்கூடங்கள் 1879இலேயே தொடங்கிவிட்டன. ஆனால் 1920 வரை பெண்களுக்குப் பட்டம் மறுக்கப்பட்டது.

லாகனின் படத்தை முற்றிலும் விட்டுவிட மனம் வரவில்லையென்றால், உள்ளே ஒரு பக்கத்தில் அதையும் அதன் எதிர்ப்பக்கத்தில் டான்ட் காலத்துப் படத்தையும் அச்சிட்டு, பழைய கூடமும் நூலகமும் இரண்டிலும் எங்கே இருக்கின்றன என்று மாணவர்களையே தேடச் சொல்லுங்கள். எந்தப் படமானாலும் கீழே எடுத்தவர் அல்லது வரைந்தவர் பெயர், ஆண்டு, இருக்கும் காப்பகம் மூன்றையும் குறியுங்கள். அச்சுக்குப் போகுமுன் படக்குறிப்புகளை மட்டும் ஒருமுறை எனக்கு அனுப்பினால் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்