பாயிரமும் உன் மூன்று நகர்வுகளும்

அன்புத் தோழிக்கு,

வெளிநாட்டிலிருந்து நீ அனுப்பிய நாலு பக்கமும் வந்து மூன்று வாரமாகிவிட்டது. திட்டாதே, விடைத்தாள் திருத்தம், நடுவில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஓடிவிட்டது. உன் அம்மாவைப் போன ஞாயிற்றுக்கிழமை தில்லைநகரில் பார்த்தேன். முழங்கால் வலி தவிர நன்றாக இருக்கிறார், "அவ போன் பண்ணா அஞ்சு நிமிஷம்தான் பேசுறா" என்று என்னிடம் புகார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பாடத்தாளை எங்கள் பிஎச்.டி. கோர்ஸ் ஒர்க் வகுப்பில் அப்படியே கொடுத்துப் பார்த்தேன். ஆய்வுக் கட்டுரையின் முன்னுரைக்கு மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் சொன்ன அந்த மூன்று நகர்வுகள்தான்: களத்தைக் காட்டு, அதில் காலியாக இருக்கும் இடத்தைக் காட்டு, அங்கே போய் உட்கார். முதலாவதில் பிள்ளைகள் புலி. 'இந்தியா ஒரு விவசாய நாடு' என்று தொடங்கி ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டார்கள். இரண்டாவதில் வண்டி நின்றது. "கைடே இதே தலைப்பில் எழுதியிருக்கார் மேடம், அதில் குறை இருக்குன்னு நான் எப்படி எழுதுறது?" என்று ஒருத்தி கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கம்பரே தன்னைப் பாற்கடலை நக்கப் போன பூனை என்று சொல்லிக்கொண்டுதானே தொடங்குகிறார்!

அன்று ராத்திரி நன்னூல் பாயிரம் ஞாபகத்துக்கு வந்தது. நூலுக்கு முன்னுரையில் என்னென்ன வேண்டும் என்று ஆக்கியோன் பெயர், வழி, எல்லை என்று தொடங்கி எட்டு, அப்புறம் காலம், களம், காரணம் மூன்றையும் சேர்ப்பவர்களும் உண்டு என்று ஆகப் பதினொன்று சொல்கிறாரே பவணந்தி, அதுதான். மறுநாள் 'வழி' என்ற இடத்தில் யாருடைய ஆய்விலிருந்து நீ வருகிறாய் என்று எழுதச் சொன்னேன். 'எல்லை' என்ற இடத்தில் அந்த ஆய்வு எதோடு நிற்கிறது என்று. (நன்னூலில் எல்லை என்றால் நூல் வழங்கும் நிலப்பரப்பு. நான் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன், தமிழ்த் துறைக்காரர்களிடம் சொல்லிவிடாதே.) அதே பெண் எழுதினாள், கைடின் ஆய்வு ஆற்றுப் பாசனக் கிராமங்களோடு நிற்கிறது, கடைமடைக்கு வரவில்லை என்று. குறை சொல்லவில்லை, ஆனால் காலி இடம் பளிச்சென்று தெரிந்தது.

அந்த எட்டில் இன்னொன்று, 'கேட்போர்'. உன் கட்டுரையை யார் படிக்கப் போகிறார்கள் என்றேன். பாதிப் பேர் எழுதிய பதில்: எக்ஸாமினர். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற பயத்தில், சாப்ட்வேருக்காகச் சொல்லை மாற்றி மாற்றி எழுதும் பிள்ளைகளுக்கு மனுஷ வாசகர் எங்கிருந்து ஞாபகம் வருவார்?

அப்புறம், இதை இருவரும் சேர்ந்து கட்டுரையாக எழுதலாம் என்றாயே. ஆசைதான், ஆனால் ஒரு உறுத்தல். இந்த மாதிரிக் கூட்டு வேலையில் கோட்பாடு உங்கள் பக்கமிருந்தும் 'டேட்டா' எங்கள் பக்கமிருந்தும் வருவதே வழக்கமாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் இருந்த சுரேஷ் கனகராஜா, தாள் தட்டுப்பாட்டிலும் மின்சாரமில்லாமலும் வெளிநாட்டு இதழ்களுக்கு எழுதுவது என்ன பாடு என்று 2002-இல் ஒரு நூலே எழுதினார். எங்களிடம் தாளும் மின்சாரமும் இருக்கின்றன, இதழ்கள்தான் சந்தா கட்டினால்தான் திறக்கும் என்று பூட்டிக் கிடக்கின்றன. ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்ததும் கொண்டாடினோம், அது அரசு நிறுவனங்களுக்கு, எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் பாயிரத்தை எங்கள் ஊர் உதாரணமாக ஓரத்தில் வைக்காதே, ஸ்வேல்ஸுக்குப் பக்கத்தில் சமமாக உட்கார வை. பணம் கட்டாமல் யாரும் படிக்கிற இதழாகவும் பார்.

அதற்கு முன் ஒரு வேலை செய். உன் கோடை வகுப்பில் வரும் சீன, சவூதிப் பிள்ளைகளிடம் இந்தப் பதினொன்றைக் கொடுத்துப் பார். 'வழி' என்ற இடத்தில் அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவர்கள் சம்மதித்தால் ஐந்தாறு முன்னுரைகளைத் திருத்தாமல் அனுப்பு.

அம்மாவிடம் பத்து நிமிஷமாவது பேசு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி